முற்காலப் பாடற்றொகுதியும் புத்தளக் கரையின் மஞ்சாவும்

தொகுத்தல் என்பது தமிழர்க்குப் புதிய தொழிலன்று. பலவேறு காலத்துப் புலவர் பாடிய அகப்பாட்டுக்களுள் நாலடி முதல் எட்டடி வரை அமைந்தவற்றைத் தெரிந்து பூரிக்கோ என்பான் குறுந்தொகையாக்கினான். அகநானூற்றைத் தொகுத்தோர் அடியளவோடு அமைந்திலர். ஒற்றையெண் பெற்றன யாவும் பாலை, இரண்டும் எட்டும் குறிஞ்சி, நான்கு முல்லை, ஆறு மருதம், பத்து நெய்தல் என்று எண்ணைக் கொண்டே திணையை உணருமாறு பாட்டுக்களை நிரல்படுத்தினர். இவ்வைப்பு முறையால் நூல் ஒழுங்கு பெற்றது. எனினும், எப்பாட்டு முன்னது, எப்பாட்டுப் பின்னது என்னும் காலமுறை கற்போர்க்குக் கிட்டாது போயிற்று. தொகுப்பவன் ஒன்றை விளக்குதற்கு மற்றொன்றை மறைக்க நேர்கிறது. ஏட்டுத் தொகைகட்குப் பொருந்தும் இவ்வுண்மை இசைத்தட்டுத் தொகைகட்கும் பொருந்தும். மேனாட்டு மெல்லிசைக் குழு ஒன்றின் முற்காலப் பாடற்றொகுதியையும், இலங்கையின் பைலாப் பாடற்றொகுதிகளையும், இவற்றுள் எதிலும் இடம்பெறாது புத்தளக் கரையில் வாய்மொழியாகவே வழங்கிவரும் மஞ்சாப் பாடல்களையும் ஒருங்கு வைத்து நோக்குங்கால் இது தெளிவாகும்.

இசைத்தட்டு வணிகத்தில் 'புகழ்பெற்ற பாடல்கள்' என்னும் தொகுதி தனியொரு வகையாகும். சிறுதட்டின் ஒரு புறத்தில் ஒன்றோ இரண்டோ பாடல்களே அடங்கும். குழுவொன்று சில ஆண்டுகள் தொழில் நடத்திய பின்னர், விலைபோன பாடல்களைப் பல தட்டுக்களிலிருந்தும் எடுத்துப் பெருந்தட்டிலே சேர்த்து மீண்டும் விற்பர். புதிதாகப் பாடவேண்டுவதில்லை, ஒலிப்பதிவுச் செலவுமில்லை. ஆதலின் வணிகர்க்கு இது விருப்பமான பண்டம். கேட்போர்க்கும் இதனால் நன்மையுண்டு. சிதறிக் கிடந்தவை ஓரிடத்தே கிடைக்கின்றன. காலப்போக்கில் மூலத்தட்டுக்கள் மறைந்தொழியத் தொகுதியே அக்குழுவின் வரலாறாகி விடுகின்றது. வணிகத்தின் பொருட்டுச் செய்த தெரிவு வரலாற்றுச் சான்றாக மாறும் இவ்விடத்திலேதான் ஆராய்ச்சிக்கு இடமுண்டாகின்றது.

இவ்வகைத் தொகுதிகளுள் உலகெங்கும் பரவியது, இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்துப் பீட்டில்ஸ் குழுவினரின் '1962–1966' என்பது. குழு 1970இல் பிரிந்தது. அதன்பின் உரிமையின்றி அவர்தம் பாடல்களைத் தொகுத்து 'ஆல்ஃபா ஒமேகா' என்ற பெயரில் அமெரிக்காவிலே சிலர் விற்கத் தலைப்பட்டனர். அதற்கு மறுமொழி போன்று 1973 ஏப்ரலில் உரிமை பெற்ற தொகுதிகள் இரண்டு வெளிவந்தன. சிவப்பு அட்டையுடைய முற்காலத் தொகுதியில் இருபத்தாறு பாடல்கள் காலமுறையில் அமைந்தன. அட்டையில் 1963இல் மாடிப்படியொன்றன் மேல்நின்று இளைஞர் நால்வரும் கீழ்நோக்கிச் சிரிக்கும் படம் காணப்படும். நீல அட்டையுடைய பிற்காலத் தொகுதியில், அதே படியில் 1969இல் தாடியும் மீசையுமாக நின்றெடுத்த படம் உண்டு. ஆறு ஆண்டுகள் மாந்தரை எத்துணை மாற்றும் என்பதை இவ்விரு படங்களும் கூறுவதுபோல் கட்டுரைகள் கூறமாட்டா.

அவ்விருபத்தாறு பாடல்களும் லெனனும் மக்கார்ட்னியும் இயற்றியனவே. பிறர் பாடல் ஒன்றேனும் அவற்றுட் சேர்க்கப்படவில்லை. குழுவின் மூன்றாமவரான ஹரிசன் இயற்றியதும் இல்லை. இதனைக் கேட்கும் ஒருவர், இவ்விளைஞர்கள் தொடக்கந்தொட்டே தம் பாடல்களையே பாடி எழுச்சியுற்றனர் என்று எண்ணுதல் இயல்பு. உண்மை அதுவன்று. 1963இல் வெளிவந்த அவர்தம் முதற் பெருந்தட்டின் பதினான்கு பாடல்களுள் ஆறு பிறருடையவை. அவற்றுட் பெரும்பாலன அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் முன்னரே பாடிப் பதிவு செய்தவை. அத்தட்டின் முடிவிலுள்ள 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்' அதற்கு முந்திய ஆண்டிலே ஐஸ்லி சகோதரர் பாடிப் புகழ்பெற்றது. மேடையில் அவர்கள் நாளும் பாடிப் பயின்றவையும் இத்தகைய பாடல்களே. தொடக்கத்தைக் காட்டுவதாகக் கூறிய தொகுதி, அத்தொடக்கத்துக்குத் தாயான கடனை ஒருங்கே நீக்கி விட்டது. ஐம்பது ஆண்டுகட்குப் பின்னர், 2023இல், அத்தொகுதியை முப்பத்தெட்டுப் பாடல்களாக விரித்து வெளியிட்டபோதுதான் பிறர் பாடல்கள் மூன்றும் ஹரிசனின் பாடல்கள் இரண்டும் இடம் பெற்றன.

இனி இலங்கைக்கு வருவோர், ஈண்டும் இதனையொத்த மறைப்பு ஒன்று நிகழ்ந்திருத்தலைக் காண்பர். ஒற்றுமை மேலோட்டமானதன்று, இரண்டிடத்தும் மறைந்தது ஆபிரிக்க வழிவந்தோர்க்குப் பட்ட கடனே.

பைலா என்னும் சொல் 'ஆடுதல்' எனப் பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லடியாகப் பிறந்தது. பதினாறாம் நூற்றாண்டில் வந்த போர்த்துக்கேயரும், அவரோடு ஆபிரிக்காவின் கீழ்க்கரையிலிருந்து அடிமைகளாகவும் படைஞராகவும் கொணரப்பட்டோரும், அவர் வழிவந்த பறங்கியரும் வளர்த்த பாட்டும் ஆட்டமும் பைலாவின் முன்னோடிகள். அவற்றுள் ஒன்றன் பெயர் கப்ரிஞ்ஞா. மட்டக்களப்புப் பறங்கியர் திருமணங்களில் இவ்வாட்டத்தைப் போற்றி வந்துள்ளனர். பெயரின் முற்பகுதி ஆபிரிக்கரைக் குறிக்கும் காப்பிரி என்ற சொல். பிற்பகுதி போர்த்துக்கேய மொழியிற் சிறுமையும் செல்லமும் உணர்த்தும் விகுதி. கடன் யாருக்கு என்பதைப் பெயரே சொல்லுகின்றது. இதன் தாளம் ஆறு சிற்றளவைகளை மும்மூன்றாகப் பகுத்து நடப்பது. கருநாடக இசை பயின்றோர் 'தகிட தகிட' என்று சொற்கட்டு வைத்து, இது திச்ர நடை என எளிதில் இனங்கண்டு கொள்வர். துள்ளல் பிறப்பது அம்மூன்றின் ஓட்டத்தாலேயாம்.

1940களில் பொலிஸ் சேவையிலிருந்த வொலி பஸ்தியன் என்பார் இத்தாளத்திற்குச் சிங்களச் சொற்களை அமைத்து, ஒருவர் பாடப் பலர் பின்பாடும் வகையைப் பரப்பினார். வாதப் பைலா என்னும் எதிரெதிர்ப் பாடும் போட்டியும் அக்காலத்தே செல்வாக்குப் பெற்றது. கற்றோர் அவை இதனை நெடுங்காலம் கீழாகவே மதித்தது. மீனவர் சேரியிலும் மதுச்சாலையிலும் பாடுவது என்பதே அவர் கூறிய குற்றம். மக்களோ அக்குற்றத்தைப் பொருட்படுத்தினாரல்லர். 1960களின் நடுவில் கிளரன்ஸ் விஜேவர்தன, அனஸ்லி மாலேவன ஆகியோரின் மூன்ஸ்டோன்ஸ் குழு மின்கித்தாரோடு சிங்களப் பாடலை இணைத்தது. 1969இல் மொரட்டுவையில் அன்டன் பெரேரா தம் மக்களைக் கொண்டு அமைத்த ஜிப்சீஸ் குழு, பின்னர் சுனில் பெரேராவின் தலைமையில் பைலாவை நாடெங்கும் ஒலிக்கச் செய்தது. சுனில் பெரேரா 2021இல் மறையும் வரை அக்குழுவின் முகமாக விளங்கினார். தமிழிலும் அவ்வலை வீசியது. நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே' என்ற பாடலும் ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி'யும் துள்ளிசை என்றும் பொப்பிசை என்றும் பெயர் பெற்ற ஈழத்து இசைவகையின் தொடக்கத்தைக் குறிப்பன. சுராங்கனிக்கு மீன் கொண்டு வந்ததைக் கூறும் சிங்களப் பல்லவியுடன் தமிழ் அடிகள் கலந்து வரும் அப்பாடல், இரு மொழியும் ஒரே வாயில் வழங்கும் மேற்குக் கரையோர்க்கு விளக்கம் வேண்டாதது. 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' என்ற தமிழகத் திரைப்படத்திலும் அது புகுந்தது.

இக்குழுக்களின் முற்காலப் பாடல்கள் சிறுதட்டுக்களில் வெளிவந்து, பின் ஒலிநாடாவிலும் குறுந்தட்டிலும் தொகுதிகளாயின. இத்தொகுதிகள் பாடகர் பெயரையும் குழுவின் பெயரையும் தாங்கின. தாளத்தின் பெயரோ, அதனைக் கொணர்ந்தோர் பெயரோ அவற்றுட் காண்பது அரிது. வணிகர் வஞ்சித்தனர் என்று இதற்குக் காரணம் கூறுதல் நேரிதன்று. பாடலுக்கு ஆசிரியன் ஒருவன் உண்டு, அவனுக்கே உரிமையும் பணமும் உண்டு என்ற முறையில் அமைந்தது இசைத்தட்டு. ஆசிரியர் பெயரின்றி ஒரு கூட்டத்தார் தலைமுறை தலைமுறையாகப் பாடி வந்ததற்கு அம்முறையில் இடமே இல்லை.

ஆயினும் பைலாவிற்கு மற்றொரு தொகுப்பு முறையும் உண்டு. திருமண விருந்தோ கோயில் திருவிழா இரவோ முடியுந் தறுவாயில், குழுவினர் பாடலுக்குப் பாடல் நிறுத்தாது, ஒன்றன் ஈற்றடியில் மற்றொன்றன் முதலடியைப் பிணைத்து அரைமணி நேரம் வரையும் பாடிச் செல்வர். 'நொன்ஸ்டொப்' என்றே இதற்கு எல்லா மொழியினரும் பெயர் வழங்குகின்றனர். சிலாபம், மாரவில, வென்னப்புவ எனக் கத்தோலிக்க மீனவர் ஊர்கள் நிறைந்த புத்தள மாவட்டத்துத் தென்கரையில் இதனைக் கேளாது வளர்ந்த பிள்ளை இருத்தல் அரிது. இதுவும் புகழ்பெற்ற பாடல்களின் தொகுதியே. ஆனால் இதன் வைப்பு முறை காலமுறையன்று, ஆசிரியர் முறையுமன்று. முன்னது மெல்லென நடக்கப் பின்னது விரையும்; ஆடுவோர் கால் தளரும் வரை விரைவு ஏறிச்செல்லும். எந்தப் பாடல் எவருடையது என்று அப்போது எவரும் வினவார். இவ்வைப்பு முறை தட்டு வணிகத்திற் பிறந்ததன்று. இதன் பழைய உருவத்தைக் காண விரும்புவோர் அதே மாவட்டத்தில் வடக்கு நோக்கிச் சென்றாற் போதும்.

புத்தளம் நகரிலிருந்து அனுராதபுரம் செல்லும் பாதையில், சிறிது தொலைவில் சிரம்பியடி என்னும் சிற்றூர் உளது. அங்கு வாழும் ஆபிரிக்க வழிவந்த குடும்பங்கள் மிகச் சில. ஆங்கிலேயர் தம் மூன்றாம் இலங்கைப் படைப்பிரிவில் ஆபிரிக்கரைச் சேர்த்திருந்தனர். அப்படையினர் சிலர் புத்தளத்தில் நிலைகொண்டு, 19ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியிலே படைத்தொழில் நீங்கிய பின்னரும் அவ்விடத்தையே ஊராகக் கொண்டனர். இலங்கையர் இவரைக் காப்பிரியர் என்பர். அரபு மாலுமிகள் தம் சமயத்தைச் சாராத ஆபிரிக்கரைச் சுட்டிய சொல் அது. தென்னாபிரிக்காவிலே பெரும்பழிச் சொல்லாக ஒதுக்கப்பட்ட அதனை, இலங்கையில் இவர்கள் இனப்பெயராகவே ஏற்று வழங்கி வந்துள்ளனர். சமயத்தால் கத்தோலிக்கர். வீட்டிலும் சந்தையிலும் இன்று பேசுவது சிங்களம். தமிழும் பலர்க்குப் பழக்கமானதே. முன்னோர் பேசிய போர்த்துக்கேயக் கலப்புமொழி பேச்சு வழக்கிலிருந்து ஏறக்குறைய நீங்கி விட்டது. அம்மொழி எஞ்சி நிற்பது பாட்டிலேயே.

அப்பாட்டிற்கு மஞ்சா என்பது பெயர். பாடுவோர் முதலில் அமர்ந்தே இருப்பர். ஒருவர் அல்லது இருவர் மெல்லிய நடையில் தொடங்க ஏனையோர் ஏற்பர். ரபானும் டோலக்கும் தாளம் கூறும். மான்டலின் உளதாயின் அதுவும் சேரும். இவற்றினும் கருத்தைக் கவர்வன வீட்டுப் பொருள்களே. வெறும் போத்தலைக் கரண்டியால் தட்டுவர். தேங்காய்ச் சிரட்டைகளை ஒன்றோடொன்று மோதுவர். மர நாற்காலியின் இருக்கையும் மத்தளமாகும். அடிகள் சில, அவை மீண்டும் மீண்டும் வரும். திரும்பும்தோறும் தாளம் ஒரு நூலளவு விரையும். விரைவு ஓர் எல்லையை எய்தியதும் ஒருவர் எழுவர், பின் மற்றவர்; இடையும் கைகளும் அசைய ஆடுவர். உச்சத்தில் பாட்டுச் சடுதியாக நின்றுவிடும். பின் அடுத்த பாட்டு, மறுபடியும் மெல்லென.

இவ்வேற்றம் உடப்பூரில் கரைவலை இழுப்போரின் அம்பாப் பாடலை அறிந்தவர்க்குப் புதிதாகத் தோன்றாது. சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடையே, கடலுக்கும் முந்தல் களப்புக்கும் நடுவிலுள்ள அத்தமிழ் ஊரிலும் ஒருவர் அடியெடுக்கப் பலர் எதிர்மொழிவர். வலை கரையை அணுக அணுக நடை விரையும். ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது எனக் கொள்ளச் சான்றில்லை. கொள்ள வேண்டிய தேவையுமில்லை. கூடி உழைப்போரும் கூடி ஆடுவோரும் தாளத்தை விரைவாக்குதல் எங்கும் நிகழ்வது. ஆயினும் மஞ்சாவை 'அயலார் கூத்து' என்று ஒதுக்கும் தமிழ் மாணவர், சிறிது தொலைவு தெற்கே தம் இனத்தார் பாடும் முறையை ஒருகால் நினைந்து பார்த்தல் நன்று.

சிரம்பியடியிலிருந்தே பைலா பிறந்தது என்று சிலர் கூறுதலும் மிகைக் கூற்றே. வொலி பஸ்தியன் தென்மாகாணத்தார். பறங்கியர் வழக்கும் அவர்க்குத் துணையாயிற்று. மஞ்சாவும் கப்ரிஞ்ஞாவும் பைலாவும் ஒரு வேரிலிருந்து கிளைத்தவை என்பதே பொருந்தும். அவற்றுட் பைலா மின்கருவியும் ஒலிபெருக்கியும் பெற்று வளர்ந்தது. மஞ்சா போத்தலோடும் கரண்டியோடும் நின்றது. அவ்வாறு நின்றமையாலேயே, மற்றவை இழந்த சில பண்புகளை அது இழவாதிருக்கின்றது. மெல்லென்ற தொடக்கம் அவற்றுள் ஒன்று. நொன்ஸ்டொப் பாடும் குழுவினர் இன்று முதலடியிலேயே விரைவைத் தொட்டு விடுகின்றனர். காத்திருத்தலின் இன்பம் அதிலே இல்லை.

சொற்பொருள் பற்றிய வினா இதனினும் கடினமானது. பாடும் இளையோர்க்கு அடிகளின் பொருள் முழுவதும் விளங்குவதில்லை. மொழி மறைந்த பின்னரும் பாட்டு நிலைப்பது வியப்பன்று. பொருளுணராது மந்திரம் ஓதும் வழக்கமும் உண்டன்றோ. எனினும் பொருளறியாத வாயில் சொற்கள் நாளடைவில் தேயும். சிங்கள ஒலியும் தமிழ் ஒலியும் அவற்றுட் புகும். ஓரடியை இருவர் இருவேறு வகையாகப் பாடுவர். இருவருள் யார் பிழைத்தனர் என்று தீர்க்க மூன்றாமவர் இரார். தில்லையிலே கறையான் தின்றது போக எஞ்சிய ஏடுகளையே நம்பியாண்டார் நம்பி தொகுத்தார் என்பது திருமுறை வரலாறு. அங்கே அழிந்தது ஏடு. எஞ்சியவற்றின் சொல் அழியவில்லை. சிரம்பியடியில் நிகழ்வது வேறு. பாட்டு முழுவதும் எஞ்சியிருக்க, அதனகத்தே சொல் கரைகின்றது.

அண்மைக் காலத்தில் மஞ்சா ஊரெல்லை கடந்தும் ஒலிக்கலாயிற்று. இலங்கை ஆபிரிக்க மஞ்சா என்ற பெயரோடு இக்குடும்பத்தினர் பொதுமேடைகளிற் பாடியுள்ளனர். 2011இல் யாழ்ப்பாணத்தில் நடைபெற்ற இசைவிழாவிலும் நாட்டின் பிற கூத்துக்களோடும் இசைகளோடும் இது இடம்பெற்றது. இதனால் ஊக்கமும் மதிப்பும் உண்டாயின என்பதில் ஐயமில்லை. ஆனால் மேடைக்குக் கிடைக்கும் நேரம் சில நிமிடங்களே. அந்நேரத்துள் அவையைக் கவர வேண்டுமாயின், பாடுவோர் விரைந்த பகுதியையே தெரிந்து பாடுவர். அமர்ந்து தொடங்கும் பகுதி சுருங்கும். அவையோர் மகிழ்ந்த பாட்டே அடுத்த மேடையிலும் வரும், மகிழாதது பின்தள்ளப்படும். தட்டு வணிகர் எவரும் தலையிடாமலே, கைதட்டல் ஒன்றே புகழ்பெற்ற பாடல்களின் தொகுதியொன்றை ஆக்கிவிடும். அத்தொகுதி ஊருக்குத் திரும்பி, ஊரார் பாடுவதையும் தன் அளவுக்குக் குறைத்துவிடுதல் கூடும். பீட்டில்ஸ் தொகுதியில் விடப்பட்ட பாடல்கள் மூலத்தட்டுக்களில் பத்திரமாகக் கிடந்தமையால் 2023இல் அவற்றை மீண்டும் சேர்க்க முடிந்தது. சிரம்பியடியின் மூலத்தட்டு பாடுவோரின் நினைவு.

ஆகவே மஞ்சாவைப் பதிவு செய்ய முனைவோர் சிறந்தவை என்று தாம் கருதுவனவற்றைத் தெரிதலினின்றும் விலகி நிற்றல் வேண்டும். ஒரு மாலை முழுவதும் அவர்கள் வீட்டு முற்றத்திலே பாடுவதை, இடையில் நிற்கும் நேரமும் சிரிப்பும் உட்பட, பாடிய வரிசையிலேயே பதிதல் பயன்தரும். ஒரே பாட்டை முதியவர் ஒருவரும் இளையவர் ஒருவரும் தனித்தனி பாடுமாறு செய்து, சொல் வேறுபாட்டை இரண்டையும் வைத்துக் குறிக்கலாம். ஒன்றைப் பிழையென நீக்குதல் ஆகாது. ஏட்டுப் பிரதிகளிற் பாடவேறுபாடு காட்டிப் பழகிய தமிழாசிரியர்க்கு இம்முறையைக் கற்பிக்க வேண்டுவதில்லை. பொருள் காண்பதற்கு மட்டக்களப்பிலே அக்கலப்புமொழியை இன்னும் பேசும் பறங்கிய முதியோர் துணையாவர். இரண்டு வழக்கும் முற்றும் ஒன்றல்ல வெனினும், அடிப்படைச் சொற்கள் பொதுவானவை. பாடுவோர் பெயரையும், அப்பாட்டை யாரிடம் கேட்டுப் பயின்றனர் என்பதையும் அவர் இசைவோடு எழுதி வைத்தால், ஆசிரியர் பெயரில்லாத பாட்டிற்கும் வழிமுறை ஒன்று கிட்டும். புத்தளத்திலிருந்து மட்டக்களப்புக்குப் பேருந்தில் ஒரு பகற் பயணம். மொழியறிந்த முதியோர் இருக்கும் காலத்திலேயே அப்பயணத்தை மேற்கொள்ள வேண்டியுளது.